புட்டிக்குள் இல்லை மைலேஜ்

காசிமேட்டில் மீன் பெட்டி ஏற்றக் காத்திருக்கும் பெட்ரோல் குட்டியானை ஓட்டுநர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எதில் தொடங்கினாலும் மைலேஜ் குறைவில்தான் வந்து நிற்கும். வேதியியல் மாணவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் குறை பொய்யன்று.

இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலின் எரிஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால் நூற்றுக்கு 6, 7 பங்கு இழப்பு வரும். 10 சதவீதக் கலவைக்கேற்பச் சீர்செய்த பழைய நான்கு சக்கர வண்டிகளுக்கு நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் இதே அளவைத்தான் மதிப்பிட்டது.

இதைச் சரிக்கட்டச் சிலர் 'மைலேஜ் மருந்து' வாங்கி டாங்கியில் ஊற்றுகிறார்கள். இன்ஜெக்டரில் படிந்த அழுக்கை அது கரைக்கலாம். எரிபொருளில் இல்லாத ஆற்றலை எங்கிருந்து கொண்டுவரும்? அதைவிட டயருக்குச் சரியாகக் காற்றடிப்பது மேல், செலவும் சொற்பம்.

நான் எத்தனாலுக்கு எதிரியல்லன். அதன் ஆக்டேன் எண் உயர்வு. முன்பு அந்த வேலையைச் செய்த ஈயம் எவ்வளவு பெரிய நஞ்சு! அதை நாடெங்கும் பெட்ரோலிலிருந்து விலக்க 2000 வரை ஆயிற்று. கரும்பு விவசாயிக்குப் பணம் சேர்வதும் நல்லதே.

என் வழக்கு விலையைப் பற்றியது. கலவைப் பெட்ரோல் மலிவாக இருக்கவேண்டும் என்பதும் அந்த அறிக்கையின் யோசனைதான். எத்தனாலின் கொள்முதல் விலையே ஏறிவிட்டது என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கியது. இருக்கட்டும், அந்நியச் செலாவணி மிச்சம் நாட்டுக்கு, நட்டம் மட்டும் லோடு வண்டிக்காரருக்கா? மணலி ஆலைப் புகையைச் சுவாசிக்கும் வடசென்னைக்கு இதைக் கேட்க உரிமையுண்டு. வாடகைக்கு ஓடும் சிறு சரக்கு வண்டிகளுக்காவது அந்த 6 சதவீதத்தை விலையில் கழித்துக் கொடுக்கட்டும்.