எழுதத்தான் வரவில்லையா?

"விஷயமெல்லாம் மனத்தில் தெளிவாக இருக்கிறது, எழுதத்தான் வரவில்லை" என்று சொல்லாதவர் நம்மில் மிகச் சிலரே. இந்தச் சமாதானத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுத உட்கார்ந்து பாருங்கள். எத்தனை நாளாக வரவில்லை? எந்த வேளையில் வரவில்லை? நாம் வேண்டுவது புதுக் குழாயா, பழையதைப் பழுதுபார்ப்பதா? பேனாவை எடுக்கும் வரையில், இக்கேள்விகளுக்கு நம்மிடம் விடை இல்லை என்பதே நமக்குத் தெரிவதில்லை. திண்ணைப் பேச்சிலோ, குரலும் கையசைவும் குறையை மூடிவிடுகின்றன.

சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவற்றை நெட்டுருச் செய்தவர்கள், அவை எழுத்தின் குற்றங்கள் என்றே எண்ணியிருப்பார்கள். சற்று ஆராய்ந்தால், பெரும்பாலானவை சிந்தனையின் குற்றங்கள் என்பது புலனாகும். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது 'மாறுகொளக் கூறல்'. எழுதுவோர் உள்ளத்தில் இல்லாத முரண் ஏட்டில் எப்படி வரும்? எடுத்த பொருளை விட்டு வேறொன்றைப் பெருக்குவது 'மற்றொன்று விரித்தல்'. தம் பொருள் இன்னதென்று நிச்சயிக்காதவர் செய்யும் காரியம் அது. மேளதாளத்துடன் புறப்பட்டு வரவரச் சுருங்கிப்போவது 'சென்று தேய்ந்து இறுதல்'. போய்ச் சேரும் இடத்தை யோசியாமல் கிளம்பியதன் பலன். ஆகவே, எழுதியதை அடித்துத் திருத்தும்போது நாம் நம் நினைப்பையே திருத்துகிறோம்.

இது புலவர்களுக்கு மட்டும் உரிய விவகாரம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பீகாரிலுள்ள மோதிஹாரியில் 1903-ல் பிறந்து, பர்மாவில் ஏகாதிபத்தியத்தின் போலீஸ் உத்தியோகத்தை வெறுத்து உதறிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் அரசியலையும் ஆங்கில மொழியையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மங்கிய சிந்தனை மொழியைக் கெடுக்கிறது, கெட்ட மொழி மறுபடியும் சிந்தனையைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். கொடுமையை மறைக்க வேண்டியவர்கள் மங்கலான சொற்களையே நாடுகிறார்கள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1919-ல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான ஜனங்களைச் சுட்டுத்தள்ள உத்தரவிட்ட ஜெனரல் டயர், மக்கள் மனத்தில் தக்க விளைவை உண்டாக்குவதே தம் நோக்கம் என்ற கருத்துப்பட அறிக்கை எழுதினார். அரசாங்கக் கணக்கின்படியே மாண்டவர் 379 பேர். 'விளைவு' என்ற சொல்லுக்குள் அத்தனை பிணங்களும் மறைந்துவிட்டன! "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கே அவை தெரியும்.

நம் பிள்ளைகளுக்கு அவ்விதம் கேட்கத் தெரிய வேண்டாமா? பிறர் எழுதிய கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பவனுக்கு மார்க்கு கிடைக்கலாம். தன் நினைப்பைத் தானே சோதிக்கும் பழக்கம் கிடைக்காது. சொந்த வாக்கியத்தைச் சோதித்தறியாதவன், அதிகாரிகளின் வாக்கியத்தை எங்ஙனம் சோதிப்பான்?

வாரம் ஒரு முறையாவது, கண்ணால் கண்ட ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புரியாத இடத்தில் விரலை வைத்து, "இதற்கு என்ன அர்த்தம், குழந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை திகைத்து விழித்தால் விழிக்கட்டும். சிந்தனை அங்கேதான் ஆரம்பமாகிறது.