பெயர் தெரியாத சாய்வுகள்

அடையாற்றிலும் தியாகராயர் நகரிலும் பட்டறைகளில் ‘வீல் அலைன்மென்ட்’ என்னும் பலகை தொங்குகின்றது. அங்குக் கூலி கொடுப்போருள் எத்துணைப் பேர் அதன் பொருளறிவர்? பெயர் புரியாதார்க்குப் பணியும் புரியாது.

விரைவுச் சீருந்துக்கு இஃது உயிர்நிலை. முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் சற்றே உட்குவிந்திருப்பின் வண்டி நேர்வழியில் நிலைத்தோடும். வெளிவிரிந்திருப்பின் வளைவில் சட்டெனத் திரும்பும், ஆயின் நேர்ச்சாலையில் அலைபாயும். சக்கரத்தின் தலை அளவாக உட்சாய்ந்திருப்பின், வளைவில் வண்டி வெளிப்புறம் சரிகையில் அப்பக்கச் சக்கரம் தரையை அகலப் பற்றும். சாய்வு மிகின் உள்விளிம்பே தேயும். நேரே ஓடுகையிலும் தடுப்பு இடுகையிலும் பிடிப்புக் குறையும். சக்கரம் திரும்பும் அச்சு மேற்புறம் பின்சாய்ந்திருப்பின், திரும்பிய சக்கரம் தானே நேர்நிலைக்கு மீளும். கைக்குச் சற்றே கனக்கும், அவ்வளவே.

2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயத்தின் பாதை 3.5 கி.மீ.; திருப்பங்கள் 19. அத்தகு பாதைக்குப் பொருந்தும் சாய்வு, மேடும் பள்ளமுமான மயிலைத் தெருவிற்கு ஆகாது. அதனைப் பார்த்துத் தம் வண்டிச் சக்கரங்களை அளவிறந்து சாய்க்கும் இளைஞர் தோற்றத்திற்காகப் பிடிப்பை விற்கின்றனர்.

குவிவு, சாய்வு, பின்சாய்வு. இம்மூன்று சொற்களும் பலகையில் இருப்பின், ‘ஐயா, எதனை எவ்வளவு மாற்றினீர்?’ என வண்டிக்காரர் கேட்பர்.