மூத்தம்மாவின் சேலையை எரித்துவிடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

வீட்டில் ஒருவர் மௌத்தானால் அவருடைய உடுப்புகளை என்ன செய்கிறோம்? நல்லவற்றை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறோம். அது நன்மையான காரியம். மிச்சத்தைக் கிழித்து நிலம் துடைக்கிறோம், இல்லாவிட்டால் வளவில் போட்டு எரிக்கிறோம். அந்த மிச்சத்தில் ஒன்றையாவது பத்திரப்படுத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிப்பீர்கள். பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் பழைய உடுப்புகளின் வெட்டையும் தையலையும் பார்த்து அதேபோலத் தைத்துப் பழகுகிறேன். கலியாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்க்க, நான் ஓரத்தில் இருக்கும் மூத்தம்மாவின் சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “டீச்சருக்குப் பழைய துணிப் பைத்தியம்” என்ற பெயரும் உண்டு. பரவாயில்லை.

ஆனால் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2018இலும் 2022இலும் நமது நகரத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றி எழுந்த பிரச்சினை நாடு முழுக்கப் பேசப்பட்டது. அப்போது ஒரு பக்கத்தில், “உங்கள் மூத்தம்மாமார் சேலைதானே உடுத்தார்கள், இது நேற்று வந்த உடுப்புத்தானே” என்றார்கள். நம் பக்கத்தில் சிலர், “நாங்கள் எப்போதும் இப்படித்தான்” என்றார்கள். வேறு சிலர், “அந்தக் காலத்து ஆட்களுக்கு மார்க்கம் விளங்கவில்லை” என்றார்கள். மூன்று கதையிலும் மூத்தம்மாவின் பெயர் இருக்கிறது. அவ உடுத்தது எது என்று எடுத்துக் காட்ட யாரிடமும் ஒரு துண்டுத் துணி இல்லை.

வரலாறு என்ன சொல்கிறது? நமது தாய்மார் சேலை உடுத்து அதன் முந்தானையால் முக்காடு போட்டார்கள். அது உண்மை. 1970களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்களோடு அபாயாவும் ஊருக்குள் பரவியது. அதுவும் உண்மை. இதை ஒத்துக்கொள்வதால் நமக்கு ஒரு குறையும் வராது.

ஏனென்றால் “பாரம்பரியம்” என்று எல்லோரும் சொல்லும் உடுப்புகளும் ஒரு நாள் புதிதாக வந்தவைதான். உள்பாவாடையும் சட்டையும் போட்டு இன்று உடுக்கும் சேலைக்கட்டு, 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்துத் தாகூர் குடும்பத்தின் ஞானதாநந்தினி தேவி போன்றவர்களால் பரவலானது. ஆண்கள் உடுக்கும் சாரனின் பெயரே மலாய் மொழியிலிருந்து வந்தது. கடையில் “பளையகாட்” என்று கேட்டு வாங்குகிறோமே, அது சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு என்ற துறைமுக ஊரின் பெயர். ஒரு காலத்தில் அங்கிருந்து ஒல்லாந்தர் துணி ஏற்றினார்கள். நமது திருகோணமலைத் துறைமுகத்துக்காகவும் சண்டை போட்ட அதே ஒல்லாந்தர்தான்.

தொப்பியின் கதை இன்னும் முக்கியமானது. குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி உஸ்மானியப் பேரரசிலேயே 1820களில்தான் அரச உடுப்பானது. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒறாபி பாஷா கொழும்புக்கு வந்த பிறகே இலங்கைச் சோனகரிடம் அது பெரும் மதிப்புப் பெற்றது. 1905இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு நீதிமன்றத்துக்குப் போனார். பிரதம நீதியரசர் லயார்ட் அதை ஏற்கவில்லை. அந்த வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. பிறகு தொப்பியோடு ஆஜராகும் உரிமை கிடைத்தது.

கவனியுங்கள். அவர்கள் போராடியது ஆயிரம் வருடத்து உடுப்புக்காக அல்ல. அவர்கள் காலத்தில் பரவலான ஓர் உடுப்புக்காக. 1925இல் துருக்கியே அந்தத் தொப்பியைத் தடை செய்தது. அதனால் அப்துல் காதரின் உரிமை பொய்யாகிவிடவில்லை. உடுக்கும் உரிமைக்கு உடுப்பின் வயது கணக்கில்லை. அபாயா அணியும் என் சக ஆசிரியைக்கும், சேலையும் முக்காடுமாகவே இருக்கும் மூத்தவர்களுக்கும் இது ஒன்றுதான்.

அப்படியானால் பழைய துணி எதற்கு என்று கேட்கலாம். உண்மையை நாமே சொல்வதற்கு. கையில் சான்று இல்லாதவனுடைய வரலாற்றை அடுத்தவன் தனக்கு வேண்டியபடி எழுதுவான். 2004 கடல் எத்தனை றங்குப் பெட்டிகளைக் கொண்டுபோனது என்று கரையோர மக்களுக்குத் தெரியும். 2006இல் மூதூரிலிருந்து உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு நடந்தவர்கள் கலியாணச் சேலையைத் தூக்கிக்கொண்டா போயிருப்பார்கள்? மிஞ்சியிருப்பது கொஞ்சம். அதை நமது கையாலேயே அழிக்க வேண்டாம்.

பாதுகாப்பது பெரிய வேலை அல்ல. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். நமது உப்புக் காற்றில் உள்ளே ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். கஞ்சி போகக் கழுவிக் காயவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். சரிகை இருந்தால் அது வேறு துணியில் உரசாமல் மடியுங்கள். உப்புக் காற்றுப் பட்டால் வெள்ளிச் சரிகை கறுக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே கிழியும். பூச்சி உருண்டை நேரே துணியில் படக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியம், ஒரு சிறு தாளில் எழுதி வையுங்கள். யாருடையது, எந்த வருடம், எங்கே வாங்கியது, எதற்கு உடுத்தது. மருதமுனைத் தறியில் நெய்ததா, இந்தியாவிலிருந்து வந்ததா என்பதும் தெரிந்தால் எழுதுங்கள். தாள் இல்லாத சேலை இரண்டு தலைமுறையில் வெறும் துணியாகிவிடும்.

இதைச் சொல்லத் தெரிந்த உம்மாமார், மூத்தம்மாமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த வாரமே பக்கத்தில் இருந்து கேளுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் அப்படி ஏதும் இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். சேலை, சாரன், தொப்பி, பிள்ளைச் சட்டை எதுவானாலும் சரி. பழுதாகிப் போனதென்று வெட்கப்பட வேண்டாம், தைத்த ஒட்டுக்கும் ஒரு கதை இருக்கும்.

அல்லாஹ் நம் மூத்தவர்களுக்கு ரஹ்மத் செய்வானாக.