சாக்பீஸ் வைத்துப் பார்த்தாயா, தம்பி?



போன ஞாயிறு பழைய மாணவன் ஒருவன் புதுக் காரோடு வாசலில் வந்து நின்றான். பெயர் சொல்லமாட்டேன், அவனும் இதைப் படிப்பான். மகிந்திராவின் மின்சாரக் கார், பிஇ 6. 286 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்தை 6.7 விநாடியில் தொடுமாம். "ஐயா, கம்பெனி வீலைக் கழற்றிட்டு 21 இன்ச் போட்டேன், ஸ்பிரிங் மாத்தி 30 மில்லிமீட்டர் இறக்கிட்டேன். எப்படி இருக்கு?" என்றான்.

பார்க்க அழகுதான். ஆனால் பின்சீட்டில் அவன் அம்மா இருந்தார். இடுப்பு ஆபரேஷன் ஆனவர். பெண்ணாடத்திலிருந்து திட்டக்குடி வருவதற்குள்ளேயே, இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கணக்குப் போடுவோம். கம்பெனி கொடுத்தது 245/55 ஆர் 19. 245-இல் 55 சதவீதம், அதாவது டயரின் பக்கச்சுவர் சுமார் 135 மி.மீ. இவன் மாட்டியது 255/40 ஆர் 21. பக்கச்சுவர் 102. பள்ளத்தில் விழும்போது அடியை முதலில் வாங்குவது அந்தக் காற்றும் ரப்பரும்தான். அதில் 33 மி.மீ. போயிற்று. மொத்த விட்டமும் 752-லிருந்து 737 ஆகிவிட்டது. எனவே மீட்டர் நூறு கிலோமீட்டர் என்று காட்டினால், ஓடியது 98தான். ஒரு சார்ஜில் கூடுதலாக ஓடுகிறது என்று பெருமைப்பட்டானே, அதில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழை!

சக்கரம் சிறுத்ததில் 7, ஸ்பிரிங்கில் 30. தரை இடைவெளி 207-லிருந்து 170 ஆயிற்று. பெட்ரோல் காரில் அடி தட்டினால் தகரம் நசுங்கும். இதில் தரையோடு தரையாகப் படுத்திருப்பது பேட்டரி. சாலை விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். நம்ம ஊர்த் தெருவில் அப்படி ஒன்றைக் காட்டு பார்ப்போம். கரும்பு டிராக்டர் ஓடி ஓடிக் குழிந்த ரோடு வேறு.

"ரேஸ் கார் எல்லாம் தாழ்வாத்தானே ஐயா இருக்கு?" என்றான். இருக்கட்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தில் வேகத்தடையும் கிடையாது, நெல் காயவைப்பவர்களும் கிடையாது. செங்கல்பட்டு அருகே மகிந்திராவின் ஆராய்ச்சி மையமும், செய்யாற்றில் சோதனைத் தடமும் இருக்கின்றன. அங்கே பொறியாளர்கள் ஓட்டி ஓட்டிப் பொருத்திய சஸ்பென்ஷனை, ஒரு கடைக்காரர் ஒரே மத்தியானத்தில் திருத்திவிட்டாராம். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் ஷாக் அப்சார்பர் அமுங்க இடம் குறையும், உள்ளே இருக்கும் ரப்பர் தடுப்பில் போய் முட்டும். அந்த 'டொக்' சத்தம் அதுதான். ஓட்டுகிறவனுக்கு ஸ்டீயரிங் பிடி இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு முதுகெலும்புதான்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்தபடி பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. மீறினால் 182ஏ பிரிவு: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

வீலே மாற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அளந்து மாற்று. டயரின் பக்கத்தில் அச்சிட்ட சுமை எண்ணைப் பார்: 99 என்றால் ஒரு டயர் 775 கிலோ தாங்கும், 103 என்றால் 875. மின்சாரக் கார் கனமானது, கம்பெனி எண்ணுக்குக் குறையக் கூடாது. பிறகு, மட்கார்டின் உள்பக்கம் நன்றாகச் சாக்பீஸ் பூசு. நாலு பேரை ஏற்றிக்கொள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார், வேகத்தடையில் சாய்வாக ஏறி இறங்கு. இறங்கி வந்து பார்த்தால் எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறதோ அங்கே டயர் உரசுகிறது. இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், சாக்பீஸ் என்னிடமே ஒரு டப்பா இருக்கிறது.

செய்தாயா என்று கேட்டேன். சிரித்தான்.

பழைய வீலும் ஸ்பிரிங்கும் கடையிலேயே கிடக்கிறதாம். தம்பி, முதலில் அதைப் போய் எடுத்து வா. அம்மாவை அதுவரை பஸ்ஸில் அனுப்பு, முன்சீட்டாகப் பார்த்து.