பழுதாகாத பிரின்டர்



ஒரு சனிக்கிழமை பின்னேரம் என் மச்சாள் போன் எடுத்தார். குரலே சரியில்லை. "மச்சாள், பிரின்டர் செத்துப் போச்சு. நாளைக்குக் காலையில எண்பது தாள் குடுக்கோணும்" என்றார்.

அண்ணன் காலமாகி மூன்று வருடமாகிறது. அதன் பிறகு மச்சாளின் வீட்டு முன்னறைதான் அந்த வீட்டின் அடுப்பை எரிய வைக்கிறது. ஒரு லப்டொப், மை ஊற்றிப் பாவிக்கும் ஒரு பிரின்டர், ஒரு மேசை, அவ்வளவுதான். ரியூசன் ஆசிரியர்களின் வினாத்தாள், வேலைக்கான விண்ணப்பம், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடிக்கப்படும். அன்று காத்திருந்தவை தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்கள். நாற்பது பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு தாள். நேரத்துக்குக் கொடுக்காவிட்டால் அந்த ஆசிரியர் அடுத்த கிழமை சந்தியில் உள்ள கடைக்குப் போய்விடுவார்.

நான் போய்ப் பார்த்தபோது பிரின்டரில் மை இருந்தது, தாள் இருந்தது, மின்சாரம் இருந்தது. வைஃபை விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. லப்டொப்பில் 'ஒஃப்லைன்' என்று காட்டியது. திருத்துகிற கடைக்குப் போனில் கேட்டாராம். "போர்ட் போயிருக்கும், கொண்டு வாங்க" என்றார்களாம்.

"வீட்டில புதுசா ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் மாத்தேல்ல. நேற்று ரெண்டு பொடியன்கள் வந்து ஃபைபர் இழுத்துப்போட்டு, பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதுசைப் பூட்டிட்டுப் போனாங்கள். போன், ரீவி எல்லாம் அவங்களே போட்டுத் தந்தாங்கள். பிரின்டர் தங்கட வேலை இல்லையாம்."

விடயம் அங்கேதான் இருந்தது.

பிரின்டரை முதன்முதலில் வைஃபையில் இணைக்கும்போது, அது இணைப்பின் பெயரையும் பாஸ்வேர்டையும் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்கிறது. ரவுட்டர் மாறினால் அந்த இரண்டுமே மாறிவிடும். போனாக இருந்தால் புதுப் பெயரை நம் கண்முன்னே காட்டிப் பாஸ்வேர்டைக் கேட்கும். திரை இல்லாத பிரின்டர் யாரிடம் கேட்கும்? வீடு மாறிப் போனவரைப் பழைய விலாசத்தில் தேடும் தபால்காரரைப் போல அந்தப் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மின்னுகிற விளக்குக்கு அர்த்தம் அதுதான். நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் அது மாறாது.

பிரின்டர்கள் பலவற்றில் ஒரு பட்டனை அழுத்தினால் அதன் நிலைமையை அதுவே ஒரு தாளில் அடித்துத் தரும். எந்தப் பட்டன் என்பது கம்பனிக்குக் கம்பனி வேறு, பிரின்டரோடு வந்த சிறு புத்தகத்தில் இருக்கும். அழுத்தினோம். தாள் வந்தது. அதில் 'இணைப்பின் பெயர்' என்ற இடத்தில் அண்ணனுடைய பெயர் இருந்தது. மகன் வெளிநாடு போக முதல் தகப்பனின் பெயரைத்தான் வைஃபைக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மச்சாள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

முதலில் நாளைய வேலையைப் பார்ப்போம் என்றேன். இதைச் சகோதரிகள் மறந்துவிட வேண்டாம்: வைஃபை இல்லாவிட்டாலும் வீட்டுப் பிரின்டர்கள் அநேகமானவற்றில் யூ.எஸ்.பி. கேபிள் குத்த இடம் இருக்கும். ஒரு முனை தட்டை, மறுமுனை சதுரம். அலுமாரிக்கு மேலிருந்த பெட்டியைக் கிளறி அந்தக் கேபிளை எடுத்தோம். குத்தியதும் லப்டொப்பில் அதே பிரின்டர் இன்னொரு பெயரில் வந்தது. பழையதை விட்டு அதைத் தெரிவு செய்து அடித்தோம். அரை மணித்தியாலத்துக்குள் எண்பது தாளும் மேசையில். மச்சாளுக்கு அப்போதுதான் தேத்தண்ணி ஊற்ற மனம் வந்தது.

பிறகு ஆறுதலாக வைஃபையைப் பார்த்தோம். திரை உள்ள பிரின்டர் என்றால் இது சின்ன வேலை. அமைப்புகளுக்குள் போய் வயர்லெஸ் என்பதைத் தெரிவு செய்து, புதுப் பெயரைத் தொட்டுப் பாஸ்வேர்டை அடித்தால் முடிந்தது. பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்து அடியுங்கள். பூச்சியத்துக்கும் ஓ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தலையிடிப்பவர்கள் பலர். போனில் படம் எடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பது நல்லது.

அந்த ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்றின் கடைசியில் 5ஜி என்று போட்டிருக்கும். இது போன் கம்பனிகள் விளம்பரம் செய்யும் 5ஜி அல்ல, 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை. மற்றது 2.4 கிகாஹேர்ட்ஸ். வேகம் குறைவென்றாலும் சுவர் தாண்டித் தூரம் போகும். விலை குறைந்த வீட்டுப் பிரின்டர்கள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். 5ஜி பெயரை அதற்குள் எவ்வளவு தேடினாலும் வராது. விருந்தினருக்கென்று தனியாக ஒரு பெயர் இருந்தால் அதிலும் பிரின்டரைப் போடாதீர்கள். அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி பல ரவுட்டர்கள் தடுத்துவிடும்.

மச்சாளுடைய பிரின்டரில் திரை இல்லை. ஆனால் புதிய ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். என்ற பட்டன் இருந்தது. பிரின்டரில் உள்ள வைஃபை பட்டனை விளக்கு வேறு மாதிரி மின்னும்வரை சில வினாடிகள் அழுத்திப் பிடித்து, இரண்டு நிமிடத்துக்குள் ரவுட்டரின் பட்டனையும் அழுத்தினால் இரண்டும் தாமாகவே பேசிக்கொள்ளும். பாஸ்வேர்ட் அடிக்கத் தேவையில்லை. கேட்க இலேசுதான். அந்தப் பொடியன்களோ ரவுட்டரைக் கூடத்துச் சுவரில் எட்டாத உயரத்தில் பூட்டியிருந்தார்கள். மச்சாள் கதிரையைத் தேடி ஏறுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரண்டாம் முறை அவரை முதலிலேயே கதிரையில் ஏற்றி நிறுத்திவிட்டு நான் பிரின்டரை அழுத்தினேன். விளக்கு மின்னாமல் நின்று எரிந்தது.

எல்லா ரவுட்டரிலும் இந்தப் பட்டன் இருக்காது. அப்படியானால் பிரின்டர் கம்பனியின் செயலியைப் போனில் இறக்கி, போனைப் புதிய வைஃபையில் போட்டு, அது சொல்கிறபடி செய்யலாம். அதற்கு முதல் பிரின்டரின் பழைய இணைப்பை அழித்துவிட வேண்டும். இதைச் செய்யாமல்தான் பலர் 'செயலி கண்டுபிடிக்குதில்லை' என்று கைவிடுகிறார்கள். இன்னொன்று, புதிய ரவுட்டர்களில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற பாதுகாப்பு முறை மட்டும் போடப்பட்டிருந்தால் பழைய பிரின்டர்கள் சேராது. 2உம் 3உம் கலந்த முறைக்கு மாற்றினால் சேரும்.

விளக்கு எரிந்தும் லப்டொப் 'ஒஃப்லைன்' என்றே அடம்பிடித்தது. இதற்கும் பயப்படத் தேவையில்லை. ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிறது. முன்பு 192.168.1 என்று தொடங்கியது இப்போது 192.168.8 என்று தொடங்கலாம். லப்டொப் பழைய இலக்கத்திலேயே தேடும். விண்டோஸ் அமைப்புகளில் பிரின்டர்கள் என்ற பகுதிக்குப் போய்ப் பழையதை நீக்கி, திரும்பச் சேர்த்தோம். நீக்க முதல் வரிசையில் தேங்கி நின்றவற்றையும் அழித்தோம். மச்சாள் பதற்றத்தில் ஏழு தரம் பிரின்ட் கொடுத்திருந்தார். ஏழு எண்பது, ஐந்நூற்று அறுபது தாள்! அவ்வளவும் ஒன்றாக வரத் தொடங்கியிருந்தால் மைக்கு யார் காசு கொடுப்பது?

இந்த வேலைகளில் ஒன்றுகூட எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவரால் செய்ய முடியாததல்ல. மச்சாளுக்குத் தெரியாமல் போனது வேறு. தன் உழைப்பு ஓடும் இணைப்பின் பெயர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று மூன்று வருடமாக அவர் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. மகனுக்குத் தெரியும், போதும் என்றிருந்தார். நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலை. அரிசி எத்தனை கொத்து இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டால், 'அவரிட்டக் கேளுங்க' என்பார். மின்சார பில் வைக்கும் கொப்பியில் இவற்றையும் எழுதி வையுங்கள். ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்ட் வேறாக இருக்கும், அதையும் எழுதுங்கள்.

இரவு மகன் கட்டாரிலிருந்து எடுத்தான். விடயத்தைக் கேட்டுச் சிரித்தான். "மாமி, புது ரவுட்டருக்கு அந்தப் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையுமே குடுத்திருந்தா ஒண்டையும் தொட்டிருக்கத் தேவையில்ல. பிரின்டர் தானா வந்து சேரும்" என்றான். உண்மைதான். எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுத்தால், பாதுகாப்பு முறையும் ஒத்திருந்தால், வீட்டில் உள்ள கருவிகளுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது. ரவுட்டர் மாற்ற வருகிறவர்களிடம் அப்போதே கேட்டுச் செய்விக்க வேண்டிய விடயம் இது. ஆனால் அந்தப் பழைய பாஸ்வேர்ட் அந்த ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளுக்குப் பாடம் என்றும் அவனே சொன்னான்.

மச்சாள் அப்போது ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை, ரவுட்டரின் அடியில் இருந்த இலக்கத்தை லப்டொப்பில் அடித்து, தானே உள்ளே போயிருக்கிறார். வைஃபைக்குத் திரும்பவும் அண்ணனின் பெயரை வைத்திருக்கிறார். பாஸ்வேர்டை மட்டும் புதிதாகப் போட்டுக் கொப்பியில் எழுதியிருக்கிறார். அதனால் பிரின்டரை இன்னொரு தடவை இணைக்க வேண்டி வந்ததாம். அதற்கு என்னைக் கூப்பிடவில்லை.