கருகிய பலகை சொல்லும் பாடம்



சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதிய கடிதமே இம்மாதக் கட்டுரைக்குக் காரணமாயிற்று. பொறியியல் படிக்கும் அவருடைய மகன் விடுமுறையில் ஒரு ரோபோ வண்டி செய்திருக்கிறான். அதற்கான மின்சுற்றுப் பலகையைத் தானே வரைந்து, வெளியில் கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறான். சக்கரங்களைத் தூக்கி வைத்துச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்ததாம். தரையில் விட்டதும் வண்டி மேசைக் காலில் முட்டி நின்றது. மறுகணம் பலகை புகைந்தது. "இனி இந்த வேலையே வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நான் செய்தது சரிதானா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

அவர் அனுப்பிய படத்தைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. கருகியது மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் அன்று. அதற்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் மெல்லிய செம்புத் தடமே. காவலாளி நலமாக இருக்கிறான். அவனிடம் செல்லும் பாதைதான் இடிந்து விழுந்திருக்கிறது!

மோட்டாரின் இயல்பை முதலில் அறிய வேண்டும். தடையின்றிச் சுழலும்போது அது சிறிதளவே மின்னோட்டம் எடுக்கும். சுழல முடியாமல் நின்றுவிட்டாலோ பன்மடங்கு இழுக்கும். அந்த வண்டியின் மோட்டார் 12 வோல்ட்டில் இயங்குவது. ஓடும்போது 4 ஆம்பியர், முட்டி நின்றால் 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த ஆபத்தை உணர்ந்து மோட்டாரை நிறுத்தவே சென்சார் பொருத்தப்படுகிறது. பிள்ளையோ, நிறுத்தும் கட்டளையைக் கணிப்பொறியில் எழுதுவதற்கு முன்பே வண்டியை ஓட்டிவிட்டான்.

அவன் பயன்படுத்தியது ஏ.சி.எஸ்.712 என்னும் எட்டுக்கால் சில்லின் 30 ஆம்பியர் வகை. 1879இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எட்வின் ஹால் என்னும் மாணவர் கண்டறிந்த விளைவே இதன் அடிப்படை. மின்னோட்டம் செல்லும் கம்பியைச் சுற்றிக் காந்தப் புலம் எழும். அப்புலத்தின் அளவுக்கேற்ப இச்சில்லு ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. 5 வோல்ட் கொடுத்தால், மின்னோட்டம் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும். ஒவ்வோர் ஆம்பியருக்கும் 66 மில்லிவோல்ட் கூடும் அல்லது குறையும்.

இனி, கருகியதன் கணக்கைப் பார்ப்போம். சாதாரணப் பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான். அத்தகைய செம்பில் ஒரு சதுரத் துண்டின் மின்தடை ஏறத்தாழ அரை மில்லிஓம். 1 மில்லிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் நீளமும் உள்ள தடம் ஐம்பது சதுரங்களுக்குச் சமம். ஆகவே அதன் தடை 25 மில்லிஓம். 4 ஆம்பியர் சென்றால் எழும் வெப்பம் வெறும் 0.4 வாட். 30 ஆம்பியர் சென்றாலோ 22.5 வாட்! பற்றவைக்கும் சிறிய சால்டரிங் கோலின் வெப்பம் 25 வாட்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். மின்னோட்டம் ஏழரை மடங்கு ஏறினால் வெப்பம் ஐம்பத்தாறு மடங்கு ஏறுகிறது. தூக்கி வைத்த சோதனையில் பலகை தேறியதும் தரையில் தோற்றதும் இதனால்தான்.

இதே தடத்தை 20 மில்லிமீட்டர் அகலமாக்கி, பலகையின் இருபுறமும் அமைத்து, பல துளைகளால் இணைத்தால் வெப்பம் ஏறத்தாழ அரை வாட்டாகச் சுருங்கிவிடும். 70 மைக்ரான் செம்பு கேட்டு வாங்கினால் அதிலும் பாதிதான்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு.

சில்லுக்குள்ளேயே 1.2 மில்லிஓம் தடை இருக்கிறது. 30 ஆம்பியரில் அது ஒரு வாட்டுக்கு மேல் சூடாகும். அச்சூடு கால்களின் வழியே செம்பில் பரவியாக வேண்டும். நெடுநேரம் இவ்வளவு மின்னோட்டம் செல்லுமானால், தடித்த கால்கள் கொண்ட ஏ.சி.எஸ்.758 வகையே ஏற்றது. அதன் தடை 0.1 மில்லிஓம் மட்டுமே.

வரைபட மென்பொருள், பற்றவைக்க எளிதாக இருக்கட்டும் என்று, கால்களைச் சுற்றி மெல்லிய ஆரங்களை விட்டு இணைப்பதுண்டு. பெருமின்னோட்டக் கால்களில் அவற்றை நீக்கி முழுச் செம்பாக இணைக்க வேண்டும். அப்போது செம்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளுமாதலால், அகன்ற முனையுடைய, ஆற்றல் மிக்க சால்டரிங் கோல் தேவைப்படும். ஈயம் நன்கு உருகிப் பரவாத இணைப்பே பின்னர் சூடேறும்.

மோட்டாரின் மின்னோட்டம் திரும்பும் பாதையும் சென்சாரின் தரைக் கம்பியும் ஒன்றாகக் கூடாது. இரண்டையும் தனித்தனியே கொண்டுவந்து ஓரிடத்தில் மட்டும் இணைக்க வேண்டும். இல்லையேல் அளவு பிழைபடும்.

சென்சாரை மோட்டாரின் காந்தத்திற்கும் பிற தடித்த கம்பிகளுக்கும் அருகில் வைக்கலாகாது. 30 ஆம்பியர் செல்லும் கம்பி, ஒரு சென்டிமீட்டர் தொலைவில், பூமியின் காந்தப் புலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு புலத்தை உண்டாக்குகிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, பேட்டரியின் அருகே ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். சென்சார் செய்தி சொல்லும், மின்சாரத்தைத் துண்டிக்காது. கட்டளை பிழைத்தாலும் ஃபியூஸ் பிழைக்காது.

சகோதரியே! புகையைக் கண்டு அஞ்சியதில் தவறில்லை. ஒரு தாயின் அச்சம் அது. ஆனால் தடுப்பதைவிட நிபந்தனை விதிப்பதே நலம். ஃபியூஸ் இன்றிப் பேட்டரியை இணைக்கக் கூடாது. முதற் சோதனையை மின்னோட்டத்திற்கு எல்லை வைக்கக்கூடிய மின்வழங்கியில் செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தை இப்பலகையில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. இந்நான்கையும் மகன் ஏற்றுக்கொண்டால் அவனுக்கு மீண்டும் வாய்ப்பளியுங்கள்.

கருகிய பலகையை எறிந்துவிட வேண்டாம். அவன் மேசை மீதே இருக்கட்டும். எந்த இடத்தில் கணக்குத் தவறியது என்பதை அது அன்றாடம் அவனுக்கு நினைவூட்டும்.