மருந்தும் காரையும்

மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து கல்லைவிட மென்மையானது. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்து, இளஞ்சூட்டில் திரட்டிச் சாத்துவர். நாளடைவில் அது இறுகி வெடிக்கும். அப்போது அதனைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்தலாம். திருமேனிக்கு ஊறு நேராது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்யும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பிணைக்கும் பொருள் பிணைக்கப்படும் பொருளைவிட மென்மையாக இருத்தல் வேண்டும் என்னும் இந்நெறி கோபுரத்துக்கும் பொருந்தும். செங்கல்லால் எழுந்த மேல்நிலைகளைப் பழைய ஸ்தபதிகள் சுண்ணாம்புக் காரை கொண்டே கட்டினர். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் கடுக்காய் ஊறிய நீர், வெல்லம் ஆகியவற்றோடு அரைத்த அக்காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கிச் சிறிது சிறிதாக மீண்டும் கல்லாகிறது. சுவரில் இறங்கிய மழையீரம் அதன் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். மயிரிழை வெடிப்புகளை, நீரில் கரைந்த சுண்ணாம்பே ஓரளவு அடைத்தும் விடும்.

1824இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டின் இயல்பு வேறு. புதுக் கட்டடத்துக்கு அது நல்ல துணை. பழஞ்செங்கல்லின் மேல் பூசினாலோ, ஈரம் உள்ளேயே தங்குகிறது. உப்புப் பூத்துச் செங்கல் மாவாக உதிர்கிறது. வெளிப்பூச்சு மட்டும் உறுதியாகத் தோன்றுவதால் கேடு நெடுநாள் கண்ணில் படுவதில்லை.

கருங்கற் சுவர்களுக்கு வரும் கேடு மணல்வீச்சு. எண்ணெய்ப் பிசுக்கு நீங்கும்; அதனோடு உளி பதிந்த மேற்பரப்பும் போகும். நந்தாவிளக்கு எரிக்கச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு அளித்த சோழர்கால அடியவரின் பெயர் மழுங்கிப்போனால், அவர் செய்த தருமத்துக்குச் சான்று ஏது?

இத்தவறுகள் பெரும்பாலும் பக்தியாலும் அவசரத்தாலும் விளைபவை. குடமுழுக்குக்கு நாள் குறித்த பின்னரே பணி விரைகிறது, காரையோ விரைவதில்லை. மரபுமுறைத் திருப்பணிக்காகத் திருவரங்கம் திருக்கோயில் 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றது. பெருங்கோயிலில் இயன்றது சிற்றூர்க் கோயிலிலும் இயலும். பொருளைவிடக் காலமே மிகுதியாக வேண்டும். சிமெண்ட் மூட்டை உபயம் செய்ய முன்வருவோர், அதே தொகையைச் சுண்ணாம்புக்கும் கடுக்காய்க்கும் ஏற்குமாறு திருப்பணிக் குழுவினரிடம் கேட்கலாம். நாள் குறிக்குமுன் கேட்பது நலம்.